எந்த வாய்க்கு எந்த முள்

அல்லியும் ஆகாயத்தாமரையும் மூடிக் கிடக்கும் குளத்தில் விரால் ஒரு தவளையை எடுக்கும்போது 'டப்' என்று சத்தம் எழும். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே காதுக்கு எட்டிவிடும். பட்டுக்கோட்டையைச் சுற்றியுள்ள ஏரி குளங்களிலும், கல்லணைக் கால்வாயின் கிளை வாய்க்கால்களிலும் தூண்டில் போடுகிறவர்களுக்கு இது பழகிய சத்தம். அது எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால், எந்தத் தூண்டிலுக்கு எந்த முள்ளைக் கட்டுவது என்ற கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். மீதிப் பாதிக்கு ஹவாய்த் தீவு வரை போய்வர வேண்டியிருக்கிறது.

விரால் இரையை முதலில் கடிப்பதில்லை, உறிஞ்சுகிறது. வாயைத் திறக்கும் அதே நொடியில் தொண்டையையும் செவுள் மூடிகளையும் விரிக்கிறது. வாய்க்குள் அழுத்தம் சட்டென்று குறைந்து, முன்னால் இருக்கும் நீர் இரையோடு சேர்ந்து உள்ளே பாய்கிறது. நடப்பது நீர்மட்டத்தில் என்பதால் காற்றும் கூடவே போகிறது. சத்தம் அதனால்தான். விராலுக்கு நீர்மட்டம் அந்நிய இடமுமல்ல. அதன் செவுளுக்கு மேலே காற்றைத் தேக்கிச் சுவாசிக்க ஓர் அறை இருக்கிறது. கோடையில் குட்டை வற்றிச் சேறாகும்போதும் அது பிழைத்துக் கிடப்பது இந்த அறையின் தயவில். மூச்சுக்காக அடிக்கடி மேலே வரும் மீன், அங்கேயே இரையும் கிடைத்தால் எடுத்துக்கொள்கிறது.

முன்பெல்லாம் உயிருள்ள தவளையை முள்ளில் கோத்து இலைகளின் மேல் தத்தவிட்டார்கள். இப்போது பல இளைஞர்கள் கையில் இருப்பது ரப்பர் தவளை. அதைக் கையில் வாங்கி ஒரு நிமிடம் பாருங்கள். உள்ளே வெறும் காற்று. வயிற்றடியிலிருந்து இரண்டு முட்கள் கிளம்பி, முதுகின் இரு பக்கமும் உடலை ஒட்டி, முனை மேல்நோக்கி இருக்கும்படி வளைந்து நிற்கின்றன. இலைமேல் இழுத்தால் முள் எதிலும் சிக்காது. மீன் வாய்க்குள் அமுக்கும்போது ரப்பர் உடல் நசுங்கிக் கீழே போக, இரு முனைகளும் வெளியே வருகின்றன. எளிய பொருள்தான், ஆனால் நீர்மட்டத்தில் ஓடும் போலி இரைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான சிக்கல் ஒன்றை இது அழகாகத் தீர்க்கிறது. மீன் வாய் வைக்கும்வரை முள் இல்லாததுபோல் இருக்க வேண்டும். வாய் வைத்த கணத்தில் முள் மட்டுமே இருப்பதுபோல் ஆக வேண்டும்.

சத்தம் கேட்டவுடன் இழுத்தால் தவளை வெறுமனே பறந்து வரும் என்பதைப் பழகியவர்கள் அறிவார்கள். உறிஞ்சிய மீன் வாயை மூடித் திரும்ப ஒரு கணம் வேண்டும். அந்த ஒரு கணத்தைத் தராதவர்கள் மீனைவிட முள்ளைத்தான் அதிகம் குறை சொல்கிறார்கள்.

முள் குத்துவது என்றால் என்ன? முள்ளில் நரம்பு கட்டும் கண், நேரான தண்டு, வளைவு, முனை, முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் எதிர்முள் என்று ஐந்து பாகங்கள். கண்ணிலிருந்து முனைக்கு மனதில் ஒரு கோடு போடுங்கள். இழுக்கும் விசை அந்தக் கோட்டில்தான் ஓடுகிறது. முனை நோக்கும் திசை இந்தக் கோட்டுக்கு நெருக்கமாக இருந்தால் விசை முழுவதும் குத்துவதற்குப் போகும். விலகி இருந்தால் ஒரு பகுதி முள்ளைத் திருப்புவதில் வீணாகும். தண்டு நீண்ட முள் சுலபமாக இறங்குவது இந்தக் கணக்கால்தான். ஆனால் இறங்கிய பிறகு அதே நீளம் மீனுக்கு நெம்புகோலாகிறது. தலையை உதறியே கழற்றிவிடும்.

கம்பியின் பருமனிலும் இப்படி ஓர் இழுபறி உண்டு. பருமனை இரட்டித்தால் வளைவதைத் தாங்கும் வலிமை எட்டு மடங்காகிறது. ஆனால் சதைக்குள் நுழைய வேண்டிய குறுக்குப் பரப்பும் நான்கு மடங்காகிறது. மெல்லிய நரம்பில் தடித்த முள்ளைக் கட்டினால் மீன் வாயில் அது இறங்கவே இறங்காது. நைலான் நரம்பு நீளும் தன்மையுள்ளது என்பதால், நூறு மீட்டருக்கு அப்பால் இருக்கும் மீனிடம் நம் கையின் வெட்டு போய்ச் சேருவதற்குள் பாதி செத்துவிடுகிறது. கழியின் வளைவும் அப்படி விசையை வாங்கிக்கொள்வதுதான். யானை வளைத்துக் கைவிட்ட மூங்கில் நிமிர்வதை, மீனைத் தூக்கும் தூண்டில் நிமிர்வதோடு ஒப்பிட்டதால் மீனெறி தூண்டிலார் என்றே பெயர் பெற்ற புலவர் ஒருவர் குறுந்தொகையில் இருக்கிறார். வளைந்து கொடுக்கும் கழியைத் தமிழர்கள் அன்றே கவனித்துப் பார்த்திருக்கிறார்கள்.

முள்ளின் வயது இதைவிட மிக அதிகம். ஜப்பானின் ஒகினாவாத் தீவில் சகிதாரி என்ற குகையில் கிடைத்த, கடல்நத்தை ஓட்டில் செதுக்கிய முட்களுக்குச் சுமார் 23,000 ஆண்டு வயது. சிந்துவெளி மக்கள் செம்பில் முள் வார்த்திருக்கிறார்கள், அவற்றில் சிலவற்றுக்கு எதிர்முள்ளும் உண்டு. இவ்வளவு பழைய கருவியைப் பற்றிப் புதிதாகக் கற்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். கடந்த எழுபது எண்பது ஆண்டுகளில் கற்றது நிறைய. அதில் பெரும்பகுதியைக் கற்றுத் தந்தது மார்லின் என்ற மீன்.

மார்லினும், நம் ஊரில் மயில்மீன் என்கிற தோகைத் துடுப்புள்ள மீனும் ஒரே குடும்பம். மேல்தாடை ஈட்டியாக நீண்ட கடல் வேட்டைக்காரர்கள். காசிமேட்டிலும் தூத்துக்குடியிலும் மயில்மீன் கரையேறுவதை யாரும் பார்க்கலாம். 1953 ஆகஸ்ட் 4ஆம் தேதி பெரு நாட்டின் காபோ பிளாங்கோ கடலில் ஆல்ஃபிரட் கிளாசெல் என்பவர் கழியும் ரீலும் கொண்டு பிடித்த கருமார்லின் 1,560 பவுண்டு, அதாவது 707 கிலோ. அந்தச் சாதனை இன்னும் நிற்கிறது. இத்தகைய மீனைப் பிடிக்கப் படகை மணிக்கு 13 முதல் 17 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டியபடி போலி இரைகளைப் பின்னால் இழுத்துச் செல்கிறார்கள். அந்த இரைக்குக் கெட்டியான பிசின் தலை. பின்னால் பல நிறக் குஞ்சம். ஹவாயின் கோனா துறையில் ஹென்றி சீ என்ற படகோட்டி, மதுக்கடைக் கண்ணாடிக் குவளைகளை அச்சாக வைத்துப் பிசின் ஊற்றி இப்படிப்பட்ட தலைகளைச் செய்தார். தலையின் முகம் வெட்டப்பட்ட சாய்வைப் பொறுத்து அது நீர்மட்டத்தில் காற்றை விழுங்கி, மூழ்கி, வெள்ளைக் குமிழிக் கோடு ஒன்றை இழுத்துச் செல்கிறது. சிறு சூரை தப்பி ஓடும் தடம் அப்படித்தான் இருக்கும்.

இதில் முள்ளை எங்கே, எத்தனை, எப்படிக் கட்டுவது என்பதுதான் படகோட்டிகள் இன்றுவரை ஓயாமல் விவாதிக்கும் விஷயம். முள் பெரிதானால் இரையின் ஆட்டம் கெடும். குஞ்சத்துக்கு வெளியே தொங்கினால் தலை மேலெழும்பிக் குமிழி போய்விடும். முன்னால் தள்ளிக் கட்டினால் பின்னாலிருந்து வாய் வைக்கும் மீன் தப்பிவிடும். தளர்வாகத் தொங்கவிட்டால் இரை சுழலும்போது முனை எந்தப் பக்கம் நிற்கும் என்று சொல்ல முடியாது. அதனால் பலர் தடித்த இரும்பு வடக்கம்பியில் முள்ளை விறைப்பாகக் கட்டி, முனை எப்போதும் மேல்நோக்கி நிற்கும்படி வைக்கிறார்கள். அந்த முள்ளின் எடை கீழே இருந்து இரையைப் புரளாமல் பிடித்துக்கொள்ளவும் செய்கிறது.

முனை ஏன் மேல்நோக்க வேண்டும்? மார்லினின் வாயைப் பார்த்தால் புரியும். ஈட்டி எலும்பு, அண்ணமும் கடினம். முள் அங்கே பட்டுச் சறுக்கும். இரு தாடைகளும் சேரும் கடைவாய் மூலையில்தான் முள் இறங்கி நிற்கக்கூடிய, கிழியாத உறுதியான சதை இருக்கிறது. அந்த மூலையைத் தேடிப் போகும்படி முள்ளை நிறுத்துவதே கலை. இரண்டு முள் கட்டினால் வாய்ப்பு இரட்டிக்கும் என்று நினைத்து நெடுங்காலம் இரண்டு கட்டினார்கள். ஒன்று வாயில் இறங்க, மற்றது கண்ணிலோ செவுளிலோ ஏறுகிறது. சில சமயம் இரண்டும் சேர்ந்து மேல்வாயையும் கீழ்வாயையும் தைத்துவிடுகின்றன. வாய் மூடிய மீனுக்குச் செவுள் வழியே நீர் ஓடாது, மூச்சு முட்டும். படகோரம் வந்த மீனின் நரம்பைக் கையில் சுற்றிப் பிடிக்கிறவருக்கோ, காற்றில் ஆடும் இரண்டாவது முள் நேரடி ஆபத்து. இன்று பல நல்ல படகோட்டிகள் ஒற்றை முள்ளுக்கு மாறிவிட்டது இதனால்தான். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

1939இல் நியூயார்க்கில் தொடங்கிய சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம் சாதனைகளைப் பதிவு செய்யும் அமைப்பு. அதன் விதிகளில் முள்ளுக்கென்றே பத்திகள் இருக்கின்றன. குஞ்சம் கட்டிய இரையில் இரண்டு ஒற்றை முட்களுக்கு மேல் கூடாது. இரு கண்களுக்கும் இடையே பெரிய முள்ளின் நீளத்துக்குக் குறையாத, 12 அங்குலத்துக்கு மிகாத இடைவெளி வேண்டும். பின்முள் குஞ்சத்தைத் தாண்டி ஒரு முள் நீளத்துக்கு மேல் நீளக்கூடாது. மீன் இரையை விரும்பி வாயில் எடுத்திருக்க வேண்டும், உடம்பில் எங்கேயோ கொத்தி இழுக்கப்பட்டிருக்கக் கூடாது என்ற நியாயத்தை இந்த அளவுகள் காக்கின்றன.

மயில்மீன் இந்த நியாயத்தை இன்னும் சிக்கலாக்குகிறது. மணிக்கு 110 கிலோமீட்டர் ஓடும் மீன் என்று பாடப்புத்தகங்கள் வரை பரவிய செய்தி தவறு. 2015இல் வெளியான ஆய்வில், வேட்டையின்போது அது எட்டிய உச்ச வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் அளவில்தான் இருந்தது. அதன் திறமை ஈட்டியில் இருக்கிறது. மத்திக் கூட்டத்துக்குள் ஈட்டியை மெல்ல நுழைத்துச் சட்டென்று வீசி அடிக்கிறது, காயம்பட்டதைத் திரும்பி எடுக்கிறது. அப்படியானால் தூண்டிலில் படும் முதல் அதிர்வு கடியே இல்லை, தட்டிப் பார்த்தல். அந்தத் தட்டலுக்கு வெட்டி இழுத்தவருக்கு ஈட்டியில் சுற்றிய நரம்பு மட்டுமே மிஞ்சும்.

இங்கேதான் வட்ட முள் வருகிறது. சாதாரண ஜே முள்ளில் முனை தண்டுக்கு இணையாக மேலே பார்க்கும். வட்ட முள்ளில் முனை தண்டை நோக்கி உள்ளே திரும்பியிருக்கும். பார்த்தால் இது எதையும் குத்தாது என்றே தோன்றும். முருங்கை மரத்தில் துரட்டியை மாட்டி இழுத்தவர்களுக்கு இது வேலை செய்யும் விதம் உடனே புரியும். கிளைமேல் வழுக்கிக்கொண்டே வரும் துரட்டி, கவட்டில் வந்ததும் திரும்பிக் கவ்விக்கொள்கிறது. வெடுக்கென்று இழுத்தால் கழன்று வந்துவிடுகிறது. மீன் இரையை விழுங்கித் திரும்பிப் போகும்போது வட்ட முள்ளும் தொண்டையில் எங்கும் குத்தாமல் வழுக்கி வெளியே வந்து, கடைவாயில் சுழன்று நிற்கிறது. பசிபிக் தீவு மக்கள் எலும்பிலும் சிப்பியிலும் செதுக்கிய முட்கள் பலவும் இந்த வடிவம்தான். உலோகம் இல்லாத ஊரில் இந்த ஞானம் பிறந்ததை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

குவாதமாலா கடலில் மயில்மீன்களிடம் செய்து 2002இல் வெளியிட்ட ஓர் ஆய்வின் கணக்கு இது. ஜே முள்ளில் பிடிபட்டவற்றில் 46 சதவீதத்துக்குத் தொண்டையிலோ வயிற்றிலோ முள் ஏறியிருந்தது. வட்ட முள்ளில் 2 சதவீதம். இரத்தம் கசியும் வாய்ப்பு ஜே முள்ளில் 21 மடங்கு. பிடித்து விட்டுவிடுகிற விளையாட்டில், விட்ட மீன் பிழைக்குமா சாகுமா என்பதை இந்தச் சிறு வளைவு தீர்மானிக்கிறது. 2008 முதல் அமெரிக்காவின் அட்லாண்டிக் கடற்கரைப் போட்டிகளில், ஈட்டிமூக்கு மீன்களுக்கு உயிரிரையோ செத்த மீன் இரையோ கட்டினால் வட்ட முள் கட்டாயம்.

அப்படியென்றால் எல்லாவற்றிலும் வட்ட முள்ளைக் கட்டிவிடலாமே? போலி இரைக்கு மட்டும் அது ஒத்துவருவதில்லை. வட்ட முள் சுழன்று நிற்க நேரம் வேண்டும், மீன் இரையை நம்பி விழுங்க வேண்டும். பிசின் தலையை எந்த மீனும் நம்பி விழுங்காது. கடித்த கணத்தில் பொய் தெரிந்து துப்பிவிடும். ஓடும் படகும், நரம்பின் தாங்கு எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு இறுக்கிய ரீலும் சேர்ந்து அந்த ஒரு கணத்துக்குள் குத்தியாக வேண்டும். அதற்கு ஜே முள்தான். விழுங்காத இரை தொண்டைக்குப் போகாது என்பதால் ஆழக் குத்தும் தீங்கும் இதில் குறைவு. இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. போலித் தலை நரம்பில் கோக்கப்பட்டிருக்கிறதே தவிரக் கட்டப்படவில்லை. மீன் மாட்டியதும் தலை நரம்பு வழியே மேலே நழுவிப் போய்விடுகிறது. அதன் எடையை ஆட்டி முள்ளைக் கழற்ற மீனுக்கு வழி கிடைப்பதில்லை.

மினிக்காய்த் தீவினர் எதிர்முள்ளையே விட்டுவிட்டார்கள். சூரைக் கூட்டத்தின் நடுவே சிறு மீன்களை உயிரோடு வீசி, நீரைத் தெளித்து, மேற்பரப்பைக் கொதிக்கவைக்கிறார்கள். அந்த வெறியில் சூரை பளபளக்கும் வெறும் முள்ளையே கவ்வுகிறது. கழியைத் தூக்கினால் மீன் தலைக்கு மேல் பறந்து தளத்தில் விழுகிறது. நரம்பு தளர்ந்ததும் எதிர்முள் இல்லாத முள் தானே கழன்றுவிடும், அடுத்த நொடி மறுபடி நீரில். நரம்பு இறுகியிருக்கும்வரை எதிர்முள் தேவையில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். நாம் சாப்பிடும் மாசிக் கருவாட்டின் கதை அந்தக் கழியில்தான் தொடங்குகிறது.

நம் கடலுக்கு வருவோம். பட்டுக்கோட்டைக்குத் தென்கிழக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் அதிராம்பட்டினம். தெற்கே போனால் மனோரா கோபுரமும் மல்லிப்பட்டினம் துறைமுகமும். இந்தப் பாக் விரிகுடா ஆழமற்ற கடல். மார்லின் இங்கே வராது. இங்கே மேல்நீரில் வேட்டையாடுவது வஞ்சிரமும் ஊளியும் பாரையும், முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டு வாய்க்கால்களில் கொடுவாவும். ஒவ்வொன்றின் வாயும் வேறு. வஞ்சிரம் கத்திப் பல்லால் இரையின் வாலை வெட்டிவிட்டுப் போகும். அதற்கு முள் வால்பக்கம் நிற்க வேண்டும், முள்ளுக்கு முன்னால் கம்பி வேண்டும். கொடுவா விராலைப் போல உறிஞ்சுகிறது. எடை மிகுந்த மூன்றுமுனை முட்களைத் தொங்கவிட்ட இரை அந்த நீரோட்டத்தில் உள்ளே போகத் தயங்கும். கொடுவாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது ஆணாகப் பிறந்து, வளர்ந்தபின் பெண்ணாகிறது. அதனால் பெரிய கொடுவா பெரும்பாலும் முட்டையிடும் தாய். படம் எடுத்துக்கொண்டு அதை விட்டுவிடுகிறவரை நான் வணங்குவேன்.

மூன்றுமுனை முள்ளின்மேல் எனக்கு நம்பிக்கை குறைவு. முனைகள் அதிகம் என்பதால் ஏதோ ஒன்று மாட்டும் என்பது உண்மைதான். மாட்டிய பிறகு மீன் புரளும்போது ஒரு முனை மற்றொன்றை நெம்பி எடுக்கிறது. அந்தமானில் பெரும் பாரைகளுக்கு மேல்நீர் இரை வீசுகிறவர்களில் பலர் எதிர்முள் அமுக்கிய ஒற்றை முட்களுக்கு மாறியிருக்கிறார்கள். விடப்போகும் மீனுக்கு அதுவே தகுந்த முள்.

வயிற்றுப்பாட்டுக்காகக் கடலுக்குப் போகிறவர்களுக்கும் இதே கேள்வி வந்துவிட்டது. பாக் விரிகுடாவின் இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரைப் படகுகளாக மாற்றும் திட்டம் 2017இல் தொடங்கியபோது தஞ்சாவூர் மாவட்டமும் அதில் இருந்தது. அந்தப் படகுகளின் கருவி ஆயிரங்கால் தூண்டில். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் மீனவர்களுக்கு அது பழகிய தொழில். நூற்றுக்கணக்கான முட்கள் ஒரே கயிற்றில் தொங்கும்போது சூரையோடு ஆமையும் வந்து மாட்டும். அட்லாண்டிக்கில் 2001 முதல் 2003 வரை நடந்த சோதனைகளில், பெரிய வட்ட முள்ளும் கானாங்கெளுத்தி இரையும் சேர்ந்தபோது பெருந்தலை ஆமைகள் மாட்டுவது முக்கால் பங்குக்கு மேல் குறைந்தது. பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் கோடியக்கரை நமக்குப் பக்கம்தான். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை அரசு கடற்பசு காப்பகமாக அறிவித்தது. மூச்சுக்கு மேலே வரவேண்டிய கடற்பசு வலையில் சிக்கினால் மூழ்கிச் சாகும். இந்த ஆழமற்ற கடலில் தூண்டிலும் கையுமாகப் போகிறவர் அதற்குச் செய்யும் தீங்கு மிகக் குறைவு. அதனால் தூண்டில் தொழிலை நம் கரையில் வளர்ப்பது நல்லது என்றே நினைக்கிறேன், முள்ளைத் தெரிந்து கட்டும்வரை.

குளத்து விராலுக்கும் இதைச் சொல்லியாக வேண்டும். மழைக்காலத்தில் நீர்மட்டத்தில் செந்நிறக் குஞ்சுகள் திரளாகக் கொப்பளித்துக்கொண்டு நகர்வதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்குக் கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கின்றன. அந்த நேரத்தில் ரப்பர் தவளையை வீசினால் அவை பசியால் வருவதில்லை, பகையென்று எண்ணி அடிக்கின்றன. அதனால் பிடிப்பது சுலபம். காவல் போன குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும். குளத்துக்குப் போகுமுன் எதிர்முள்ளை இடுக்கியால் அமுக்கிவிட்டுப் போங்கள். செந்நிறத் திரள் தெரிந்தால் அந்தப் பக்கம் தூண்டிலை வீசாதீர்கள்.